சின்னத் தட்டும் சாய்வு நாற்காலியும்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் மனைவியின் வயிற்றை முழுசாக நிரப்பிவிடுவது என்று லிஃப்ட்காரர் சபதம் எடுத்துக்கொண்டார். அன்பு பொங்கி எடுத்த சபதம் இல்லை. அன்பு இல்லாமலும் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். இருபத்தெட்டு வருஷமாக மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். ஓடுகிற லிஃப்டின் சத்தத்தைக் கேட்டே அது எந்த மாடியில் மக்கர் பண்ணப்போகிறது என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதே காதை வைத்துக்கொண்டு மனைவியையும் கணித்துவிடலாம் என்று நினைத்தார் பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மனைவி டெய்லர். கடை கிடையாது, வீட்டு ஹால்தான் கடை. டி.வி.க்குப் பக்கத்தில் தையல் மிஷின். டி.வி.க்கு முன்னால் துணி மூட்டை. சோபாவில் பாதி தைத்த சட்டைகள் கையை விரித்துக்கொண்டு படுத்திருக்கும். அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் குண்டூசி. எந்த இடத்தில் குத்தும் என்று முன்கூட்டிச் சொல்ல அவருடைய இருபத்தெட்டு வருஷ அனுபவமும் உதவவில்லை. வேலை முடிந்து வருகிற மனுஷன் தன் வீட்டு சோபாவைத் தடவித் தடவிப் பார்த்து உட்கார்ந்தால், வீட்டுக்கு வருகிறவர்கள் என்னதான் நினைப்பார்கள்?

போன வாரம் மகளுக்குக் கல்யாணமாகி அவள் வேறு ஊர் போனாள். வழியனுப்பிய அன்று லிஃப்ட்காரர் உண்மையாகவே அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, மகளின் அறை காலியாக இருந்தது. நல்ல காற்று வரும் ஜன்னல். தாழ்ப்பாள் உள்ள கதவு. மறுநாளே ஒரு நாற்காலிக் கடைக்குள் நுழைந்தார்.

சாதாரண நாற்காலி இல்லை அது. பக்கத்தில் ஒரு விசை. இழுத்தால் முதுகு பின்னால் சாயும், கால் முன்னால் எழும்பும். சும்மா உட்கார்ந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தார். பதினொரு நிமிஷம் கழித்துக் கடைக்காரர் தோளைத் தட்டி எழுப்பினார். ஏணியிலும் குழியிலும் நின்றே தேய்ந்த கால்கள் அவை. முதல் தடவையாக அவற்றுக்கு ஒரு மரியாதை கிடைத்ததுபோல் இருந்தது அவருக்கு. கண் கலங்கியது. அங்கேயே வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வரும் என்றார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்த அறையில் மிஷினும், நின்று துணி வெட்ட ஒரு மேஜையும் போடலாம் என்று மனைவி ஏற்கெனவே மூன்று தடவை பேச்சை எடுத்துவிட்டாள். மூன்று தடவையும் இவர் கொட்டாவி விட்டுச் சமாளித்தார். இனி ஞாயிறு பத்து மணிக்குள் அவள் வாயாலேயே "ரூம் உங்களுக்குத்தான்" என்று வர வேண்டும். இல்லையென்றால் நாற்காலி வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். கூடவே இவரையும் ஏற்றி அனுப்பினாலும் அனுப்புவாள்.

இதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. அவளிடம் எதைக் கேட்பதானாலும் வயிறு நிறைந்திருக்கும்போது கேட்க வேண்டும். மோட்டார் சைக்கிளை அப்படித்தான் வாங்கினார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டது. நண்பர்களோடு நாலு நாள் சுற்றுலாவும் அப்படியே, இன்னொரு கல்யாண வீட்டில். காலி வயிற்றோடு இருந்தபோது அவளிடம் கேட்ட ஒரே விஷயம் மீசை வைத்துக்கொள்ளட்டுமா என்பது. பத்து வருஷம் ஆயிற்று. இன்னும் பதில் வரவில்லை.

இப்போது பக்கத்தில் கல்யாணம் எதுவும் இல்லை. கூட வேலை பார்க்கும் மெக்கானிக்கிடம் புலம்பினார். அவருக்குப் பட்டப்பெயர் கிரீஸ்.

"ஏண்ணே, அந்த மூணு மாடிக் கட்டடத்துல நாம லிஃப்ட் மாட்டினோமே. அங்க மேல புதுசா ஒரு இத்தாலி ஹோட்டல் திறந்திருக்காங்க. மெனுவப் பாத்தேன், நாப்பது அயிட்டம்!"

"நாப்பதா?"

"எண்ணிப் பாத்தேண்ணே."

நாற்பதில் பத்து போதும் என்று லிஃப்ட்காரர் கணக்குப் போட்டார். ஒவ்வொன்றும் எத்தனை பெரிசு என்று கேட்கவில்லை. லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று பலகை மாட்டாமல் யாரையும் ஏற்றாத மனுஷன், அதை மட்டும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி தரையில் உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்தபோது மெதுவாகப் போய் நின்றார்.

"நாளைக்கு மத்தியானம் வெளியில சாப்பிடலாமா?"

கத்தரிக்கோல் நின்றது. "யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணமெல்லாம் இல்ல. சும்மா, நீயும் நானும். புதுசா இத்தாலி ஹோட்டல் ஒண்ணு வந்திருக்கு."

"உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஏம்மா, பொண்டாட்டிய வெளியில கூட்டிட்டுப் போகணும்னா உடம்பு சரியில்லாமப் போகணுமா?"

"இருபத்தாறு வருஷத்துல கூட்டிட்டுப் போகல. அதான் கேட்டேன்." அவள் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"பன்னெண்டுக்கு."

"திரும்பி வர?"

"ரெண்டு, ரெண்டரை ஆகும்."

"மூணு ஆகட்டும். அவசரப்படாம சாப்பிடலாம்," என்றாள் மனைவி, சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பார்த்து லிஃப்ட்காரர் பாதி அறை கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்தார்.

சனிக்கிழமை காலை அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. டீ மட்டும். பெரிய விருந்துக்குப் போகிறவன் வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. பதினொரு மணிக்குச் சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கண்ணாடி முன் நின்று, "இந்த ரூம் விஷயமா ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன்," என்பதை ஏழு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாடிக் கட்டடத்துக்குப் போய் லிஃப்டில் ஏறியதும் தலையைச் சாய்த்து, "கயிறு லேசா முனகுது," என்றார்.

"இன்னைக்கு லீவுதானே? அது பாட்டுக்கு முனகட்டும்," என்றாள் மனைவி.

ஹோட்டலில் செங்கல் சுவருக்குப் பூச்சே இல்லை. பல்புகளுக்கு மூடி இல்லை. மேஜைகளும் சின்னச் சின்னதாக இருந்தன. கட்டி முடிக்கிறதுக்குள் திறந்துவிட்டார்களோ என்று லிஃப்ட்காரருக்குச் சந்தேகம். கறுப்பு ஏப்ரன் கட்டிய பரிமாறுபவர் ஒருவர் வந்தார். இவர் வயசுதான் இருக்கும். அடர்ந்த மீசை. லிஃப்ட்காரர் அதை ஏக்கத்தோடு பார்த்தார். மனைவி ஏப்ரனைப் பார்த்தாள்; இடுப்புப் பட்டியை மடித்துத் தைத்தது சரியில்லை என்று அவள் முகமே சொன்னது.

"வணக்கம் சார், வணக்கம் மேடம். இங்க எல்லாமே ஸ்மால் ப்ளேட்ஸ். நடுவுல வச்சு ரெண்டு பேரும் பகிர்ந்து சாப்பிடலாம். வரிசை கிடையாது. எது முதல்ல ரெடியாகுதோ அது முதல்ல வரும்."

"பேஷா வரட்டும்," என்று லிஃப்ட்காரர் மெனுவை விரித்தார். கிரீஸ் சொன்னது சரிதான், நாற்பது இருந்தது. ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. விரலை மேலிருந்து கீழே ஓட்டி, "இது, இது, அப்புறம் இது," என்று ஆறு இடத்தில் நிறுத்தினார். பரிமாறுபவர் மெல்லக் குனிந்து, "சார், கடைசியா நீங்க காட்டினது எங்க போன் நம்பர்," என்றார்.

முதலில் ஒரு கிண்ணம் வந்தது. அதில் ஆலிவ் காய்கள். ஏழு. லிஃப்ட்காரர் எண்ணிப் பார்த்தார். பிறகு, சாமி கும்பிட்டதும் கொடுப்பதுபோல் ஏதோ முன்னால் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது, விருந்து பின்னால் வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்து ஒரு பலகை. பலகை என்றால் பலகையேதான், மரம். அதன்மேல் வாட்டிய ரொட்டித் துண்டு மூன்று. ஒவ்வொன்றின் தலையிலும் நறுக்கிய தக்காளி. புருஸ்கெட்டா என்று சொல்லிவிட்டுப் போனார் மீசைக்காரர்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு மூணு?" என்றாள் மனைவி.

"அது… நீ ரெண்டு சாப்பிடு."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணு தாராளம். நீ சாப்பிடும்மா. நீ சாப்பிடறதப் பாத்தாலே எனக்கு வயிறு நிறைஞ்சுடும்."

இது பொய் என்று அவர் வயிறே சத்தமாகச் சொன்னது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்தது அரன்சினி. சோற்றைச் சீஸ் வைத்து உருட்டிப் பொரித்தது. எண்ணிக்கை மூன்று. அந்த ஹோட்டலில் எதுவுமே மூன்றாகத்தான் வரும் என்பது லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கணவன் மனைவியைச் சண்டை போட வைப்பதற்கென்றே இத்தாலிக்காரன் யோசித்துக் கண்டுபிடித்த கணக்கு. மூன்றாவது உருண்டையை அவர் பார்த்தார். பொன்னிறம். ஆவி பறந்தது. உள்ளே சீஸ் உருகியிருக்கும். ஒரு கணம், அறையாவது நாற்காலியாவது என்றுகூடத் தோன்றிவிட்டது. சமாளித்துக்கொண்டு தட்டை மனைவி பக்கம் தள்ளினார்.

"எடுத்துக்கோ."

"இவ்வளவு பிரியமா சொல்றீங்க. வேண்டாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க," என்று மனைவி அதைப் பாதியாக வெட்டினாள். லிஃப்ட்காரருக்கு நம்பிக்கை வந்தது. அவள் முதல் பாதியைத் தின்றாள். பிறகு இரண்டாவது பாதியையும் தின்றாள்.

"வயிறு எப்படி இருக்கு?" என்று ஆவலாகக் கேட்டார்.

"இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கோம்."

அப்போது அவள் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள்.

"யாரு?"

"தம்பிதான். சாப்பிட்டியான்னு கேக்கறான்."

மச்சினனுக்கு அக்காமேல் இத்தனை அக்கறையா என்று அவர் வியந்தார். அடுத்த தட்டு வந்தது. சுரைக்காய்போல் ஏதோ ஒன்றைச் சீவி விரித்திருந்தார்கள். அதன் வழியாகத் தட்டிலிருந்த பூ டிசைன் தெளிவாகத் தெரிந்தது. முள்கரண்டியால் எடுக்கப் பார்த்தார். எது காய், எது பூ என்று புரியவில்லை. பூவைத்தான் இரண்டு தடவை குத்தினார். அதற்குப் பிறகு பெரிய வெள்ளைத் தட்டு ஒன்று. இரண்டு கையாலும் ஏந்தி வந்ததைப் பார்த்து அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவில் ரவியோலி என்று மாவுப் பொட்டலம் ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று.

"மத்ததெல்லாம் எங்க?" என்றார்.

"அவ்வளவுதான் சார். ஸ்மால் ப்ளேட்."

"ப்ளேட் பெரிசா இருக்கே!"

மீசைக்காரர் இதற்குப் பழகியிருந்தார்போல. தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார். லிஃப்ட்காரர் அந்தத் தண்ணீரைக் குடித்தார். அதுதான் அன்று அவருக்கு முழுசாகக் கிடைத்த முதல் பொருள்.

அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். மனைவி உள்ளே இதுவரை ரொட்டி இரண்டு, உருண்டை இரண்டு, ஆலிவ் ஐந்து. பொட்டலமும் அவளுக்கே போனது. இவ்வளவும் சேர்ந்தாலும் ஒரு கல்யாண வீட்டு இலையின் மூலைக்குக் காணாது. இந்த வேகத்தில் போனால் அவள் வயிறு நிறைவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும்; நாற்காலியும் வந்துவிடும். அவருக்கு லேசாகக் கண் இருட்டியது. அது பயத்தினாலா பசியினாலா என்று அவருக்கே தெரியவில்லை.

"இன்னும் ரெண்டு சொல்லலாமா?" என்றாள் மனைவி, போனை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

"சொல்லு, சொல்லு! மூணு சொல்லு!"

காத்திருந்த நேரத்தில் அவள் மேஜைக்கு அடியில் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"என்னாச்சு?"

"தரையில உக்காந்து வெட்டி வெட்டி முட்டி போச்சுங்க. ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்குன்னு சொன்னேன்ல? நர்ஸு, செக்யூரிட்டி, லேப்காரங்க எல்லாம் சேர்த்து தொண்ணூறு பேர். ஒவ்வொருத்தரா வந்து அளவு குடுக்கணும். இதுவரைக்கும் இவ்வளவு பெரிய ஆர்டர் எனக்கு வந்ததில்ல. சரியா செஞ்சு குடுத்துட்டா வருஷா வருஷம் எனக்கே தரேன்னு சொல்லியிருக்காங்க."

லிஃப்ட்காரருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அவள் முழங்கால் வலியை அவர் நிஜமாகவே அன்றைக்குத்தான் கவனித்தார். கேட்காமலே அறையைக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் கண்முன் அந்த நாற்காலி வந்து, விசையை இழுக்காமலே காலைத் தூக்கிக் காட்டியது. அவர் மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

"முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சா சரியாப் போயிடும்," என்றார். லிஃப்டுக்கும் அவர் அதைத்தான் சொல்வார்.

பிறகு மூன்று இறைச்சி உருண்டை வந்தது. இரண்டு அவளுக்குப் போனது. வெள்ளையாக ஒரு பாலாடைக் கட்டி வந்தது. அது ஒன்றுதான், அதுவும் போனது. தட்டில் மிச்சமிருந்த தக்காளிச் சாற்றை லிஃப்ட்காரர் யாரும் பார்க்காதபோது ரொட்டித் துணுக்கால் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார். மீசைக்காரர் பார்த்துவிட்டார். இன்னொரு துண்டு ரொட்டியைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைத்தார். அதையும் மனைவி எடுத்துக்கொண்டாள்.

மணி ஒன்றே முக்கால். போன் மறுபடியும் சிணுங்கியது. அவள் பார்த்தாள். கவிழ்த்து வைத்தாள். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, அவர் இரண்டு மணி நேரமாகத் தவம் கிடந்த அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"வயிறு நிறைஞ்சு போச்சுங்க."

லிஃப்ட்காரர் துள்ளி நிமிர்ந்தார். "இந்த ரூம் விஷயமா ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன்!"

"எந்த ரூம்?"

"மக ரூம்தான். எனக்கு… அதாவது ஒரு மனுஷனுக்கு… அமைதியா உக்கார ஒரு இடம் வேணும்ல?"

"வேணும்தான். எனக்கும் நின்னு துணி வெட்ட ஒரு இடம் வேணும்ல?"

"வேணும்தான்," என்றார் அவர், நெற்றி வியர்க்க. நிறைந்த வயிறு இப்படியெல்லாம் திருப்பிப் பேசியதாக அவர் அனுபவத்தில் இல்லை. கல்யாண வீட்டில் இந்நேரம் "சரிங்க" என்றிருப்பாள். கையைப் பிசைந்தார். கண் அங்கும் இங்கும் அலைந்தது. பக்கத்து மேஜையில் பரிமாறுபவர் யாருக்கோ அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்: எது முதல்ல ரெடியாகுதோ அது முதல்ல வரும்.

லிஃப்ட்காரர் மூளையில் பல்பு எரிந்தது. மூடியில்லாத பல்பு. நாற்காலி நாளை பத்து மணிக்கு வருகிறது. இவள் மேஜையைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள், வாங்கிய பாடில்லை; மேஜை வராமல் மிஷினை நகர்த்தவும் மாட்டாள்.

"சண்டையே வேண்டாம்," என்றார் குரலைத் தேனாக்கி. "நியாயமா ஒரு ரூல் வச்சுக்குவோம். உன் சாமானோ என் சாமானோ, எது முதல்ல அந்த ரூமுக்குள்ள போகுதோ, ரூம் அதோட ஆளுக்கு. அப்புறம் மத்தவங்க வாயே தொறக்கக் கூடாது."

மனைவி யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். "அவசரப்படறீங்களோன்னு தோணுது."

"இல்லவே இல்ல!"

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நானா? லிஃப்ட் மாறும், நான் மாற மாட்டேன்." மீசைக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். "சார், நீங்கதான் சாட்சி. எது முதல்ல உள்ள போகுதோ ரூம் அதுக்குத்தான். எங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்."

"ரொம்ப சந்தோஷம் சார்," என்றார் மீசைக்காரர், ஒன்றும் புரியாமல். "டெசர்ட் எதாவது?"

"வேண்டாம்!" என்றார் லிஃப்ட்காரர். இனி எதற்கு?

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவர் சீட்டி அடித்தார். பசியில் சுருதி சேரவில்லை, காற்றுதான் வந்தது. வாசற்கதவைத் திறந்தது மச்சினன். சட்டையெல்லாம் வியர்வை, கையில் ஸ்பேனர்.

"வாங்க மாமா. சாப்பாடு எப்படி?"

"நீ எங்கடா இங்க?"

கேட்டுக்கொண்டே ஹாலைப் பார்த்தார். எதையோ காணோம். டி.வி. முழுசாகத் தெரிந்தது. பத்து வருஷமாக அந்த டி.வி.யின் இடது பக்கத்தை அவர் பார்த்ததில்லை. மகளின் அறைக்கு ஓடினார்.

ஜன்னல் ஓரத்தில், நல்ல காற்று வரும் இடத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய வெட்டு மேஜை நின்றது. நாலு காலும் தரையோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் தையல் மிஷின். அலமாரியில் நீலத் துணிக் கட்டுகள்.

"இது… இது எப்ப?"

"நீங்க அந்தப் பக்கம் போனதும் வண்டிய வரச் சொன்னோம் மாமா. ஒண்ணே முக்காலுக்கு வேலை முடிஞ்சுது. உடனே அக்காவுக்கு மெசேஜ் போட்டேனே."

ஒன்றே முக்கால். வயிறு நிறைந்த நேரம். லிஃப்ட்காரர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"அப்போ நான் ரூல் போட்டப்ப…"

"மேஜை உள்ளதான் இருந்துச்சு."

"இது தப்பாட்டம்!"

"நாளைக்குப் பத்து மணிக்கு நாற்காலி வருதுன்னு வச்சுக்கிட்டு ரூல் போட்டது நல்லாட்டமா?"

"நா… எந்த நாற்காலி?"

"விசைய இழுத்தா கால் தூக்குமே, அந்த நாற்காலி. கடையில பதினொரு நிமிஷம் தூங்கினீங்களாம். அவங்களே சொன்னாங்க." அவள் சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டாள். "லிஃப்ட் குழியில சிக்னல் கிடைக்காதுன்னு வழக்கம்போல ரெண்டாவது நம்பரா என் நம்பரத்தானே எழுதிக் குடுத்திருக்கீங்க? புதன்கிழமை கூப்பிட்டாங்க. வாசக்கதவு எவ்வளவு அகலம்னு கேட்டாங்க. டேப் வச்சு அளந்து சொன்னேன். கறுப்பு கேட்டிருந்தீங்களாம். கறுப்புல நூல் ஒட்டினா பளிச்சுன்னு தெரியும். பழுப்புக்கு மாத்திட்டேன்."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். ரூல் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

"மேஜை இன்னைக்குத்தான் வரும்னுட்டாங்க, உங்களுக்கோ இன்னைக்கு லீவு. உங்கள எப்படி ரெண்டு மணி நேரம் வீட்ட விட்டு வெளியில எடுக்கறதுன்னுதான் ரெண்டு நாளா மண்டையக் குடைஞ்சுக்கிட்டிருந்தேன்," என்றாள் அவள். "நீங்களே வந்து கூப்பிட்டீங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சோபாவில் இன்னும் குண்டூசி இருக்கலாம் என்ற பயம். மனைவி சமையலறைக்குள் போய், மூடி வைத்திருந்த தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்தாள். தட்டு நிறையச் சாப்பாடு.

"எனக்கு எடுத்து வச்சியா?"

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலியே நீங்க. எதிர்வீட்டு டீச்சர் போன வாரம் அந்த ஹோட்டலுக்குப் போய்ட்டு வந்து சொன்னாங்க, அங்க போறதா இருந்தா வீட்ல சாப்பிட்டுட்டுப் போங்கன்னு. நான் பதினொரு மணிக்கே சாப்பிட்டுட்டேன்."

"அப்போ அந்த மூணாவது உருண்டை?"

"நீங்க அவ்வளவு ஆசையா குடுத்தீங்க. எப்படி வேண்டாம்னு சொல்றது?"

அவர் சாப்பிட ஆரம்பித்தார். நாலாவது கவளத்துக்குப் பிறகுதான் உலகம் நேராக நின்றது. அப்போது மெல்லக் கேட்டார், குழந்தை கேட்பதுபோல. "நாற்காலிய… திருப்பி அனுப்பிடுவியா?"

"எதுக்குங்க திருப்பணும்? மிஷின் உள்ள போயாச்சு. ஹால் காலியாத்தானே கிடக்கு? டி.வி.க்கு எதிர்ல போட்டுக்கலாம்."

இவளைப்போய் ஏமாற்றப் பார்த்தோமே என்று லிஃப்ட்காரருக்கு வெட்கமாக இருந்தது. பசி ஆறியதால் வந்த வெட்கமாக இருக்கலாம், ஆனாலும் வெட்கம்தான். "முட்டி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நின்னு வெட்டினா சரியாயிடும்," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நாற்காலி வந்தது. பழுப்பு நிறம். கதவில் இடிக்காமல், மயிரிழை இடைவெளியில் உள்ளே நுழைந்தது. அன்று முழுவதும் அவர் அதிலிருந்து இறங்கவில்லை. டி.வி.யின் இடது பக்கத்தைக் கண்குளிரப் பார்த்தார். அறை போனால் என்ன? தாழ்ப்பாள் இல்லை, அவ்வளவுதான். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி விசையை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். யோசித்துப் பார்த்தால் ஜெயித்தது தான்தான் என்று சாயங்காலத்துக்குள் முடிவுக்கே வந்துவிட்டார். கிரீஸுக்குப் போன் போட்டு அப்படித்தான் சொல்லவும் செய்தார்.

திங்கட்கிழமை ஒன்பது மாடி ஏறி இறங்க வேண்டியிருந்தது. லிஃப்ட் ஓடினால் அவரை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்? சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கால்களை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் பதினாறு ஜோடிச் செருப்பு. ஹாலில் நர்ஸுகள் நாலு பேர் சோபாவில், மற்றவர்கள் சுவர் ஓரமாக. உள்ளே மனைவி டேப்பும் கையுமாக யாருக்கோ தோள் அளந்துகொண்டிருந்தாள். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரில், பழுப்பு நாற்காலியில், விசையை முழுசாக இழுத்துவிட்டு, ஆஸ்பத்திரி செக்யூரிட்டி ஒருவர் கால் நீட்டிக் கண்மூடிக் கிடந்தார்.

லிஃப்ட்காரர் செருமினார். செக்யூரிட்டி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

"அளவு குடுக்கவா சார்? அந்த ஓரமா நில்லுங்க. முதல்ல வர்றவங்களுக்குத்தான் நாற்காலின்னு டெய்லரம்மா ரூல் போட்டிருக்காங்க."